மூணு வாரம் நல்லா போகுது, அப்புறம் நின்னுடுது... உடற்பயிற்சிய விடாம பண்றவங்க எப்படி பண்றீங்க?

மெல்லநடை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதினது இல்ல. இப்ப ஒரு விஷயம் மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, அதான் கேக்கறேன்.

உட்கார்ந்தே பாக்கற வேலை எனக்கு, வயசு நாப்பத நெருங்குது. போன செக்கப்புல டாக்டர் பிரஷர் கொஞ்சம் மேல போக ஆரம்பிச்சிருக்கு, மாத்திரை இப்ப வேணாம், முதல்ல உடம்ப அசைங்கனு சொன்னார். பயமும் இருக்கு, ஆசையும் இருக்கு. ஆரம்பிக்கறதுல எனக்கு பிரச்சனையே கிடையாது. வாரத்துக்கு அஞ்சு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம்னு பிளான் போட்டு, போன்ல அலாரம் வச்சு, ஜிம்முக்கு வருஷ மெம்பர்ஷிப்பும் கட்டி ஜோரா கிளம்பிடுவேன். மூணு வாரம் போல ஓடும். அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல ராத்திரி வரைக்கும் இழுத்துடும், இல்ல வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம போகும், ரெண்டு நாள் விட்டுப்போகும். அவ்வளவு தான், அதுக்கப்புறம் ஷூவ எடுத்து மாட்டவே மனசு வராது. மாசக்கணக்குல அப்படியே போயிட்டு ஏதாவது ஒரு ஒண்ணாந்தேதி மறுபடி முதல்லேர்ந்து.

அண்ணன்கிட்ட சொன்னா "உனக்கு மன உறுதி பத்தலடா"னு ஒரே வரில முடிச்சிடறார். ஆனா வேலையிலயோ வீட்டு விஷயத்துலயோ நான் எதையும் பாதில விட்டவன் கிடையாது. அப்ப இதுல மட்டும் ஏன் இப்படி ஆகுது? நிஜமாவே மன உறுதி தான் பிரச்சனையா, இல்ல நான் பண்ற விதத்துலயே ஏதோ தப்பு இருக்கா? மோட்டிவேஷன் வீடியோ லிங்க் வேணாம் ப்ளீஸ், அது நிறைய பாத்தாச்சு. என்னை மாதிரி விட்டு விட்டு பண்ணிட்டு இருந்து அப்புறம் நிலைச்சு நின்னவங்க இருந்தா என்ன மாறுச்சுனு சொல்லுங்க.

தெருமுனை:

முதல்ல ஒரு கேள்வி ப்ரோ, அஞ்சு நாள் ஒரு மணி நேரம்னு யார் சொன்னா? டாக்டரா நீங்களா? உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான வேகத்துல ஏதாவது பண்ணுங்க, கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுங்கனு தான் இருக்கு. உங்க அஞ்சு மணி நேரம் சரியா 300 நிமிஷம், அதாவது முதல் நாளே மேல்கோட்டுல போய் நிக்கறீங்க. கீழ்கோடு அதுல பாதி தான். அதையும் ஒரே மூச்சா பண்ணணும்னு இல்ல, முன்னாடி எல்லாம் குறைஞ்சது 10 நிமிஷம் தொடர்ந்து பண்ணா தான் கணக்குனு வச்சிருந்தாங்க, 2020ல அதையும் எடுத்துட்டாங்க. கொஞ்சம் பண்ணாலும் பண்ணாததுக்கு மேலனு அதுலயே எழுதியிருக்கு. எல்லா வேலையும் ஒழுங்கா அமைஞ்ச வாரத்துக்குனு போட்ட பிளான் உங்களோடது, வருஷத்துல அந்த மாதிரி வாரம் எத்தனை வருதுனு யோசிச்சு பாருங்க.

பயிற்சிக்கூடம்:

நண்பரே, பல வருஷமா பயிற்சி குடுக்கறது தான் என் வேலை, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

உங்க பதிவுலயே பதில் இருக்கு. "ரெண்டு நாள் விட்டுப்போகும், அதுக்கப்புறம் ஷூவ மாட்டவே மனசு வராது"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த இடம் தான். ஆரம்பிக்கறதுல உங்களுக்கு ஒண்ணும் குறையில்ல, மூணு வாரம் பண்றதுலயும் குறையில்ல. விட்ட நாளுக்கு அடுத்த நாள் என்ன பண்றதுனு மட்டும் உங்க பிளான்ல ஒரு வரி கூட இல்ல. என்கிட்ட வர்றவங்கள்ல வருஷக்கணக்கா நிலைச்சு நிக்கறவங்க யாருனு பாத்தா, ஒரு நாளும் விடாதவங்கனு நினைப்பீங்க, அப்படி ஒருத்தரும் இல்ல. எல்லாரும் விடறாங்க, கல்யாணம் காட்சி காய்ச்சல் வெளியூர்னு வாழ்க்கைனா அது இருக்கத்தான் செய்யும். நிலைக்கறவங்க விட்டா சட்டுனு திரும்பி வந்துடறாங்க, வந்து அதைப்பத்தி பேசறது கூட இல்ல. பாதில நிறுத்திடறவங்க தான் ரெண்டு வாரம் கழிச்சு போன் பண்ணி "சார் மன்னிச்சுக்கோங்க, அடுத்த மாசம் ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கறேன்"னு சொல்வாங்க. அந்த மன்னிப்பு கேக்கறதும் ஃப்ரெஷ்ஷா ஆரம்பிக்கறதும் தான் ஆளைக் கவுக்குது. ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சுனு மனசு கணக்கை முடிச்சிடுது, இனிமே நல்ல நாள் பாத்து முதல்லேர்ந்து தான்னு. புத்தகம் படிச்சிட்டே தூங்கிட்டா மறுநாள் விட்ட பக்கத்துலேர்ந்து தானே படிக்கறோம், முதல் பக்கத்துக்கா போறோம்?

இதுக்கு ஆதாரம் இருக்கு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலினு ஒருத்தரும் அவரோட சேர்ந்தவங்களும் 96 பேரை வச்சு பழக்கம் எப்படி உருவாகுதுனு 12 வாரம் பாத்தாங்க, 2010ல வந்த கட்டுரை. ஒரு செயல் யோசிக்காமலே செய்யற அளவுக்கு வர்றதுக்கு நடுமதிப்பா (பாதி பேருக்கு அதுக்குள்ள, மீதி பேருக்கு அதுக்கு மேல) 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் கணக்கு போகுது, 12 வாரத்தை தாண்டறது எல்லாம் கணக்கு போட்டு மதிப்பிட்டது. தண்ணி குடிக்கற மாதிரி சின்ன விஷயம் சீக்கிரம் பழகுச்சு, உடற்பயிற்சி தான் ரொம்ப நாள் எடுத்துச்சு. அதுல எனக்கு முக்கியமா பட்டது என்னனா, நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பழக்கம் உருவாகறது பெருசா ஒண்ணும் கெடல. ஊர் முழுக்க சொல்ற "21 நாள் பண்ணா பழக்கம் ஆயிடும்" கதை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க புது முகத்துக்கு பழகறதுக்கு குறைஞ்சது ஒரு 21 நாள் ஆகுதுனு எழுதினார். உடற்பயிற்சிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க நிக்கறது கரெக்டா அந்த மூணு வாரத்துல தான்னு பாருங்க. இந்நேரம் தானா வந்திருக்கணுமே, இன்னும் கஷ்டமாவே இருக்கே, அப்ப நமக்கு இது ஒத்து வராதுனு நிறைய பேர் அங்கேயே முடிவு பண்ணிடறாங்க. நிஜத்துல அது பாதி தூரம் கூட இல்ல.

இன்னொண்ணு. 2021ல கேட்டி மில்க்மன் குழு அமெரிக்காவுல பல கிளை இருக்கற ஒரு பெரிய ஜிம் நிறுவனத்தோட 61,000க்கும் மேல உறுப்பினர்களை வச்சு 54 விதமான திட்டத்தை ஒரே சமயத்துல நாலு வாரம் சோதிச்சு பாத்தாங்க. ஜிம்முக்கு வர்றத அதிகமாக்கினதுல முதல் இடத்துல வந்தது எது தெரியுமா, ஒரு தடவை வராம விட்டுட்டு மறுபடி வந்தா கொஞ்சம் கூடுதல் பரிசுனு வச்ச திட்டம். திரும்பி வர்றதுக்கு பரிசு. அதே ஆராய்ச்சில இன்னொரு விஷயமும் இருக்கு, அதையும் சொல்லிடணும்: நாலு வாரம் முடிஞ்சப்புறம் கண்ணுக்குத் தெரியற மாதிரி பலன் மிச்சம் இருந்தது அந்த திட்டங்கள்ல 8 சதவீதத்துல மட்டும் தான். அதனால எந்த ஆப்பும் எந்த சவாலும் உங்கள காலத்துக்கும் ஓட வைக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான் என் ஆளுங்களுக்கு முதல் நாளே ரெண்டு பயிற்சி எழுதிக் குடுத்துடுவேன். ஒண்ணு வழக்கமானது. இன்னொண்ணு முடியாத நாளுக்கு, பத்து நிமிஷம் போதும், ஜிம் வேணாம், ஷூ கூட வேணாம்: சுவத்துல கை வச்சு புஷ்அப், நாற்காலில உட்கார்ந்து எழுந்துக்கறது, அங்கேயே கொஞ்சம் நடை. அதை பண்ணா அன்னிக்கு கணக்குல முழு டிக் தான், அரை டிக் கிடையாது. ஒரு நாள் விட்டா அடுத்த நாள் கட்டாயம் அந்த சின்னது மட்டும் தான், விட்டதுக்கும் சேத்து டபுளா பண்றேன்னு கிளம்பக்கூடாது. அப்படி கிளம்பி முட்டிய பிடிச்சிட்டு உட்கார்ந்தவங்கள எனக்கு நல்லா தெரியும்.

சாயங்காலம்:

மேல சார் சொன்னது எல்லாம் சரி தான், ஆனா ஒரு விஷயத்த யாரும் பேசலயேனு எழுதறேன். தம்பி, உங்களுக்கு நேரம் உங்க கையில இருக்கா? அத முதல்ல பாருங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மாமியார் படுத்த படுக்கை, நான் வேலைக்கும் போறேன். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நடங்கனு சொல்றவங்க யாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு மாமியார திருப்பி படுக்க வைக்க எழுந்தவங்க இல்ல. என்கிட்டயும் மன உறுதி இல்லனு தான் சொன்னாங்க. தூக்கமே இல்லாத உடம்புகிட்ட உறுதிய கேட்டா எங்கேர்ந்து வரும்?

எனக்கு மாறினது என்னனா நான் மணிக்கணக்கு பாத்து பிளான் போடறத விட்டேன். ஆறு மணினு எழுதினா என் வீட்ல ஆறு மணிக்கு ஏதாவது ஒண்ணு வந்து நிக்கும். அதுக்கு பதிலா எப்படியும் தினமும் நடக்கற ஒரு வேலையோட இதை கோத்துட்டேன், சின்னவள ஸ்கூல்ல விட்டதும் நேரா வீட்டுக்கு வராம சுத்து வழில நடந்து வர்றது, அவ்வளவு தான். கிளம்பும்போதே நடக்கற செருப்பு தான், அதனால போகலாமா வேணாமானு யோசிக்கற இடமே வராது. "இது முடிஞ்சதும் அதை பண்ணுவேன்"னு இடம் நேரம் எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணி வைக்கறதுக்கு நல்ல பலன் இருக்குனு பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1990கள்லேர்ந்து எழுதிட்டு வர்றார், அப்புறம் தான் நான் அதை படிச்சேன். இதுல இன்னொரு வேலையும் பண்ணணும், ஸ்கூல் லீவுனா என்ன பண்ணுவேன்னும் சேத்து முடிவு பண்ணி வைக்கணும். முதல் லீவுல அது இல்லாம தான் எனக்கு மொத்தமா நின்னுச்சு. இப்ப லீவு நாள்ல மாமியார் மதியம் தூங்கினதும் மாடிப்படி.

அப்புறம் தம்பி, வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம போனதுனால நின்னுச்சுனு எழுதியிருக்கீங்க. அது உங்க தோல்வி இல்லப்பா. அன்னிக்கு நீங்க இருக்க வேண்டிய இடத்துல தான் இருந்திருக்கீங்க.

நாள்தவறேல்:

எல்லார் கருத்தையும் மதிக்கறேன், ஆனா எனக்கு வேலை செஞ்சது நேர் எதிர். தினமும், ஒரே நேரம், ஒரே இடம், விதிவிலக்கே கிடையாது. காலைல கண்ணு முழிச்சதும் பாய் விரிச்சிடுவேன். இன்னிக்கு பண்ணலாமானு மனசுகிட்ட கேட்டா அது எப்பவும் வேணாம்னு தான் சொல்லும், அதனால கேக்கறதே இல்ல. வாரத்துக்கு அஞ்சு நாள்னு வச்சா எந்த ரெண்டு நாள் லீவுனு மனசு பேரம் பேச ஆரம்பிச்சிடும். சலுகை குடுக்க ஆரம்பிச்சா அது வளந்துட்டே போகும்ங்கறது என் அனுபவம். மெல்லநடை, நீங்க இதையும் ஒரு தடவை முயற்சி பண்ணி பாருங்க.

பயிற்சிக்கூடம்:

நாள்தவறேல், உங்களுக்கு அது நிலைச்சிருக்குனா மாத்தவே வேணாம், தொடருங்க. ஆனா மெல்லநடைக்கு அதை சொல்ல எனக்கு தயக்கமா இருக்கு, ஏன்னா அவர் உடையற இடமே அது தான். கூகுள் ஊழியர்கள வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2021ல வெளிவந்தது. ஒரு கூட்டத்துக்கு அவங்களே முன்னாடி சொன்ன அதே நேரத்துல ஜிம்முக்கு போனா தான் பணம், இன்னொரு கூட்டத்துக்கு எந்த நேரத்துல போனாலும் பணம். ஒரே நேரம்னு கட்டினவங்களுக்கு தான் பழக்கம் நல்லா ஒட்டும்னு எல்லாரும் எதிர்பாத்தாங்க. பணம் குடுக்கறத நிறுத்தினப்புறம் பாத்தா எந்த நேரமும் போகலாம்னு விட்டவங்க தான் அதிகமா போயிட்டு இருந்தாங்க. நேரத்தோட கட்டினவங்க அந்த நேரம் தவறினா வேற நேரத்துல போறது குறைவா தான் இருந்துச்சு. அதனால ஒரு வழக்கமான நேரம் வச்சுக்கோங்க, அது தவறினா போறதுக்கு ரெண்டாவது நேரம் ஒண்ணும் கையில வச்சுக்கோங்க. சாயங்காலம் அக்கா லீவு நாளுக்கு மாடிப்படினு வச்சது அது தான், படிக்கறவங்க அந்த வரிய தாண்டிப் போயிடாதீங்க.

தசைநார்:

பிசியோதெரபிஸ்ட்டா வேலை பாக்கறேன். மெல்லநடை, அந்த மூணு வாரம் பண்ணும்போது எப்படி இருந்துச்சுனு நீங்க சொல்லவே இல்ல. பிடிச்சு பண்ணீங்களா, பல்ல கடிச்சிட்டு பண்ணீங்களா? கேக்கறதுக்கு காரணம், மூச்சு வாங்கி நெஞ்சு அடைக்கற அளவுக்கு போனா பண்ணும்போதே பெரும்பாலானவங்களுக்கு மனசு கசந்துடுது, அந்த கசப்பு உடம்புல தங்கிடும். ரெண்டு நாள் விட்டப்புறம் ஷூவ பாத்தா மனசு வராதது இதனால கூட இருக்கலாம். பண்ணும்போது வாக்கியமா பேச முடியணும், பாட முடியக்கூடாது, அது தான் மிதமான வேகம், உங்களுக்கு இப்போதைக்கு அது போதும்.

முதல் வாரத்துலயே கால் பிடிச்சு படி இறங்க முடியாம போகுதா? பழக்கமில்லாத பயிற்சி பண்ணா ஒண்ணுலேர்ந்து மூணு நாளைக்குள்ள அந்த வலி உச்சத்துக்கு வரும், அப்புறம் தானா இறங்கிடும். பயப்பட வேணாம், ஆனா வலிச்சா தான் பலன்னு நம்பவும் வேணாம்.

எதை வச்சு அளக்கறீங்கங்கறதும் முக்கியம். எடை மிஷின்ல ஏறி பாத்துட்டு மூணு வாரமா ஒண்ணும் குறையலனு விட்டவங்க என்கிட்ட எக்கச்சக்கமா வர்றாங்க. வெறும் உடற்பயிற்சில எடை மெதுவா தான் குறையும். முதல் சில வாரத்துல பலம் கூடறது கூட பெரும்பாலும் நரம்பு தசைய நல்லா வேலை வாங்க கத்துக்கறதுனால, தசை கண்ணுக்கு தெரிய பெருக்க இன்னும் நாள் ஆகும். கண்ணாடில தேடினா ஏமாத்தமா தான் இருக்கும். உங்களுக்கு வந்திருக்கறது பிரஷர் விஷயம், அதுல ஒரு நல்ல சங்கதி இருக்கு: ஒரே ஒரு தடவை மிதமா நடந்தாலே அப்புறம் சில மணி நேரத்துக்கு நிறைய பேருக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கி நிக்கும். அதாவது இன்னிக்கு நடந்ததுக்கு கூலி இன்னிக்கே வந்துடுது, அறுபது நாள் கழிச்சு இல்ல. நேத்து விட்டது அதை அழிக்கவும் முடியாது. டாக்டர்கிட்ட கேட்டு வீட்லயே ஒரு பிரஷர் மிஷின் வச்சு வாரத்துக்கு சில நாள் ஒரே நேரத்துல பாத்து எழுதி வைங்க. எடை தூக்கும்போது மூச்ச பிடிச்சு வைக்காதீங்க, அது பிரஷர சட்டுனு ஏத்திடும், தூக்கும்போது மூச்ச வெளில விடுங்க. நெஞ்சு வலி, தலை சுத்தல் வந்தா அங்கேயே நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

மெல்லநடை:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கனு எதிர்பாக்கல, ரொம்ப நன்றி. சாயங்காலம் அக்கா கடைசில எழுதின ரெண்டு வரிய திரும்ப திரும்ப படிச்சேன். தசைநார் கேட்டதுக்கு பதில், பல்ல கடிச்சிட்டு தான் பண்ணேன், ட்ரெட்மில்ல பக்கத்துல ஓடறவர் வேகத்த பாத்து வைப்பேன்.

இப்ப முடிவு பண்ணது: சாப்பிட்டு முடிச்சதும் ராத்திரி இருபது நிமிஷம் நடை, அது முடியலனா மறுநாள் மதியம் ஆபீஸ் படிக்கட்டு. ரெண்டும் முடியலனா பயிற்சிக்கூடம் சார் சொன்ன பத்து நிமிஷம். ரெண்டு சந்தேகம் மட்டும். ஜிம் மெம்பர்ஷிப் இன்னும் பாதி வருஷம் இருக்கு, கட்டின காச நினைச்சா போகாம இருக்கவும் மனசு கேக்கல, என்ன பண்றது? அப்புறம், ரெண்டு நாள் விட்டா சின்னதுலேர்ந்து வரலாம், சரி, காய்ச்சல் மாதிரி வந்து ரெண்டு மூணு வாரமே போயிட்டா எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

தெருமுனை:

மெம்பர்ஷிப் விஷயத்துல நீங்க தனி ஆள் இல்ல ப்ரோ. 2006ல டெல்லாவிக்னா, மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க ஜிம்கள்ல 7,700 பேருக்கு மேல கணக்கெடுத்து பாத்தாங்க. மாசக்கட்டணம் கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவைக்கு கொஞ்சம் மேல தான் போயிருக்காங்க, போற அன்னிக்கு மட்டும் காசு குடுத்திருந்தா அவங்களுக்கு மிச்சம் ஆயிருக்கும். கட்டும்போது நாம எல்லாரும் நாளைக்கு இருக்கப்போற நம்மள ரொம்ப நம்பிடறோம். கட்டின காசு போனது போனது தான். வாரத்துக்கு ஒரு நாள் தசைக்கு எடை தூக்கறதுக்குனு மட்டும் ஜிம்ம வச்சுக்கோங்க, இன்னொரு நாள் வீட்லயே பாத்துக்கலாம். நடைய அங்க கொண்டு போகாதீங்க.

தசைநார்:

ரெண்டாவது சந்தேகத்துக்கு நான் சொல்றேன். ரெண்டு மூணு வாரம் படுத்துட்டா முதல்ல குறையறது மூச்சுத்திறன், தசை பலம் அதை விட ரொம்ப நாள் தாங்கும். அதனால திரும்பி வந்த முதல் நாள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், அதை பாத்து எல்லாம் போச்சுனு நினைச்சிடாதீங்க, சேத்து வச்சது பெரும்பகுதி அப்படியே இருக்கும், முதல் தடவைய விட வேகமா திரும்பி வரும். காய்ச்சல் விட்டு ஒரு ரெண்டு மூணு நாள் சாதாரணமா நடமாடி பாருங்க. அப்புறம் முன்னாடி பண்ணதுல பாதி நேரம், பாதி வேகம், ஒரு வாரத்துக்கு. மறுநாள் காலைல எழுந்தா அசதி இல்லாம இருந்தா கொஞ்சம் கூட்டுங்க, அசதியா இருந்தா அதே அளவுல இன்னும் சில நாள் இருங்க. நெஞ்சுல சளியோ மூச்சு திணறலோ பாக்கி இருந்தா நடைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிடுங்க, பிரஷர் இருக்கறதுனால இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க.